கில்ட்டுக்கு ஒரு சாண் இடம்

எங்கள் வீட்டில் அதிக மரியாதை யாருக்கு என்று யாராவது கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கையறை அலுமாரியைத் திறந்து காட்டுவேன். அதற்குள் என் சேலைகள், இவருடைய சட்டைகள், குளிர்கால ஜாக்கெட்டுகள் எல்லாம் எங்கள் மல்வேர்னில் காலை ஷிஃப்டுக்குப் பஸ் ஏறிய சனம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் ஒன்று மட்டும், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, காற்று வாங்கிக்கொண்டு தொங்கும். அது என் கணவருடைய கில்ட்.

ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட கம்பளிப் பாவாடைதான். பாவாடை என்று நான் எழுதியது இவருக்குத் தெரிய வேண்டாம். முன்னுக்கு மட்டமாக இருக்கும், பின்னுக்கு முழுக்க மடிப்பு. ஒரு சேலையை விட நீளமான துணியை மடித்து மடித்து ஒரு மனிதனின் பின்புறத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். குளிருக்கு நல்லதாம். முழங்காலுக்குக் கீழே குளிராதா என்று கேட்டால் அதற்கு நீளமான காலுறை இருக்கிறதாம். முழங்காலைப் பற்றி இதுவரை பதில் இல்லை.

யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவருக்குக் கனடாவின் ஸ்காபரோவில் கில்ட் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். இவர் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். முதலில் ஓய்வு எடுக்கிறார் என்று நினைத்தோம். பிறகு வேலை தேடுகிறார் என்று சொல்லிக்கொண்டோம். அதற்குப் பிறகு சொல்லுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வரவேற்பறைச் சோபாவின் இடது மூலையில் போய் இருந்தவர் இருந்தவர்தான். காலையில் நான் அஜின்கோர்ட்டில் பல் வைத்தியரின் கிளினிக்குக்கு வேலைக்குப் போகும்போது அதில் இருப்பார், மாலையில் வரும்போதும் அதில் இருப்பார். தொலைக்காட்சி ஓடும், ஆனால் பார்க்க மாட்டார். அந்த மூலை குழிந்து போய்விட்டது. சோபா பழுதாகிறது என்று நான் எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

கடைசியில் டொக்டர் நடக்கச் சொன்னார். நான் சொன்னதையேதான் சொன்னார், ஆனால் அவர் டொக்டர். இவர் நடக்கப் போன வழியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பைப் பாண்ட் ஒன்று பழகிக்கொண்டிருந்தது. பை மாதிரி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊதுகிறார்களே, அந்த வாத்தியம். கூடவே மேளங்கள். அன்று இவர் வீட்டுக்கு வந்து, "இஞ்சேரும், செவ்வாய்க்கிழமையிலை இருந்து நான் ட்ரம் அடிக்கப் போறன்" என்றார். பள்ளிக்கூடத்தில் பாண்ட் வாத்தியக் குழுவில் சைட் ட்ரம் அடித்தவராம். ஒரு மகளை வளர்த்துக் கட்டிக்கொடுக்கும் அளவுக்கு இவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்தச் செய்தி எனக்கு அன்றுதான் கிடைத்தது. ஆனாலும் மனிதர் சோபாவை விட்டு எழும்பிவிட்டார். செத்த வீட்டில் சேமக்கலம் அடிக்கப் போகிறேன் என்றிருந்தாலும் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆறு மாதம் பழகிய பிறகு பாண்ட் இவருக்கு ஒரு கில்ட்டைத் தந்தது. தந்தது என்றால் பாவிக்கத் தந்தது, சொத்து அவர்களுடையது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வகுப்பு ஆரம்பமானது.

தன் சட்டைகள் எந்த வழியால் அலுமாரிக்குள் வருகின்றன என்பதைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து ஒரு தடவை கூட யோசித்துப் பார்க்காதவர், உடுப்பு மாட்டும் கொழுவியைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். கம்பிக் கொழுவி கூடாது. கிளிப் வைத்த தடித்த கொழுவி வேண்டும், இடுப்புப் பட்டியைத்தான் கிளிப் பிடிக்க வேண்டும், இரண்டு கிளிப் போதாது, பாரத்தில் நடு தொய்ந்துவிடும். பக்கத்து உடுப்பு மடிப்பை நெரிக்கக்கூடாது. பொலித்தீன் உறை போட்டால் கம்பளிக்கு மூச்சு முட்டும். பூச்சி உருண்டை போட்டால் மணக்கும், அதனால் தேவதாருக் கட்டை. "நீர் அதைத் தொடாதையும், நானே பாத்துக்கொள்ளுறன்" என்றார். இந்த வாக்கியத்தைச் சமையலறைப் பாத்திரங்களைப் பற்றியோ, பனி தள்ளும் மண்வெட்டியைப் பற்றியோ நான் இன்றுவரை அவர் வாயால் கேட்டதில்லை.

அந்த ஒரு சாண் இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம். என் பட்டுச்சேலைகளில் பாதி, கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச்சேலை உட்பட, கட்டிலுக்குக் கீழே சூட்கேசுக்குள் குடிபெயர்ந்தது.

சொந்தக்காரர் சிரித்தார்கள். கோயிலில் ஒரு அங்கிள், "தம்பி இப்ப பாவாடை கட்டுறாராம்" என்று நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவர் யார்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே ஒரு விண்டர் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு, வாராவாரம் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வருகிறவர். கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு திரியும் ஆண்களைப் பற்றி அவருக்கு இருந்த கவலையை எண்ணி எனக்குக் கண்ணீரே வந்தது.

இவர் அதற்கெல்லாம் அசையவில்லை. நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்மஸ் தாத்தா வரும் நத்தார் ஊர்வலம் இருந்தது. இவருடைய முதல் ஊர்வலம். பாண்டின் தலைவி ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ், ஐந்தடி உயரம், ஆனால் எல்லோரும் நடுங்குவார்கள். புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவருடைய பின்பக்கமும் போய் நின்று மடிப்பைப் பார்ப்பாராம். மடிப்புக் கலைந்திருந்தால் அணியில் இடமில்லை. வாத்தியப் பெட்டிகளோடு வான் வண்டியில் ஏறிப் பின்னால் வர வேண்டியதுதான். போன வருடம் ஒருவரை அப்படி ஏற்றினாராம், அந்த மனிதர் அதற்குப் பிறகு பாண்டுக்கு வரவேயில்லையாம். இதை இவர் ஒரு வீரக்கதை மாதிரிச் சொன்னார். வானில் ஏற்றப்பட்டவர் போய் இருக்கிற இடம் எது என்று எனக்குத் தெரியும். அது எங்கள் வரவேற்பறைச் சோபாவின் இடது மூலை.

இந்த நேரம் பார்த்து மச்சாள் வந்து சேர்ந்தார். இவருடைய தமக்கை. மொன்றியலில் மகனோடு இருக்கிறவர், குளிர் தொடங்கும்போது எங்களிடம் வந்து ஒரு மாதம் நிற்பார். கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்திவிடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. பட்டுச்சேலையை வைத்திருக்கும் முறையில் அவர் ஒரு நீதிமன்றம். வந்தால் முதலில் என் அலுமாரியைத்தான் திறப்பார். சேலைகளை எல்லாம் வெளியே எடுத்து உதறி, பழைய மடிப்பை விட்டு வேறு மடிப்பில் மடித்து வைப்பார். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் இழை வெட்டிவிடும், சரிகை உடைந்துவிடும். அது எங்கள் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் செய்வதற்கு நேரம் இருப்பது மச்சாளுக்குத்தான்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. இவர் மேளத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிப் பழகலுக்குப் போய்விட்டார். நான் கிளினிக்கில் அரை நாள் வேலை முடித்து வந்தபோது மச்சாள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"உன்ர அலுமாரியை ஒரு வழி பண்ணிப்போட்டன் பிள்ளை" என்றார். "கூறையைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழை வைக்கிறதே? நல்ல ஆள் நீ."

மேலே போய்ப் பார்த்தேன். அலுமாரி அவ்வளவு அழகாக இருந்தது. சேலைகள் எல்லாம் திரும்ப வந்து வரிசையாக இருந்தன. நடுவில் தடித்த கொழுவி மட்டும் வெறுமையாகத் தொங்கியது.

"மச்சாள், இதிலை தொங்கினது எங்கை?"

"தம்பியின்ர உடுப்போ? கம்பளி எண்டாலும் நல்ல சாமான் பிள்ளை. ஒரே மடிப்பிலை எத்தினை வருசம் கிடந்துதோ. இழை வெட்டிப்போடுமெல்லே. அதுதான் மடிப்பெல்லாத்தையும் எடுத்துப்போட்டு, நல்லா ஸ்டீம் பிடிச்சு, மாத்தி மடிச்சு வைச்சிருக்கிறன்."

தட்டில், ஆறு பட்டுச்சேலைக்குக் கீழே, ஒரு பழைய வேட்டியால் பக்குவமாகச் சுற்றப்பட்டு அது இருந்தது. பிரித்தேன். நாலாக மடித்திருந்தார். மேலே இடுப்பை ஒட்டித் தைத்திருந்த பகுதியில் மட்டும் மடிப்பு இருந்தது. அதற்குக் கீழே முழங்கால் வரை, கத்தி மாதிரி நின்ற மடிப்பு ஒன்று கூட இல்லை. போர்வை மாதிரித் தட்டையாகக் கிடந்தது. குறுக்கே புதிதாக இரண்டு கோடு விழுந்திருந்தது. அயர்ன் செய்தால் அப்படித்தான் செய்ய வேண்டும், ஒரு சுருக்கம் கிடையாது. என் வீட்டில் எதையும் யாரும் அவ்வளவு கவனமாகப் பழுதாக்கியதில்லை.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் யார் மேல் கத்துவது? தொடக்கூடாது என்ற கட்டளை எனக்குத்தான் தரப்பட்டது. அந்த வீட்டில் சேலை மடிக்கத் தெரிந்த இன்னொரு பெண் வருவார் என்று கில்ட்டைக் கண்டுபிடித்த ஸ்கொட்லாந்துக்காரர் யோசிக்கவில்லை.

மச்சாளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்புத்தான் அந்த உடுப்பு என்பதை, நாளைக்குப் பாண்டின் தலைவி பின்னால் வந்து பார்ப்பார் என்பதை, அந்த வான் வண்டியை. மச்சாள் கேட்டுக்கொண்டே படியால் இறங்கிப் போனார். நான் பின்னால் போனேன். அவர் வரவேற்பறையில் நின்று சோபாவின் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் நான் வந்து நிண்டு போகுமட்டும் அவன் என்னோடை வடிவாக் கதைக்கேல்லை" என்றார். "இந்த முறை வந்த அண்டைக்கே ரெண்டு தடியை எடுத்துக் கதிரையிலை அடிச்சுக் காட்டினவன்." பிறகு சேலையை இழுத்துச் செருகினார். "ஊசிப் பெட்டி எங்கை வைச்சிருக்கிறாய்?"

சேலைக்குக் கொசுவம் வைக்கிற கை அது. சமையலறை மேசையைத் துடைத்து, தடித்த துவாய் விரித்து, கில்ட்டைக் குப்புறப் போட்டோம். தைத்த பகுதியிலிருந்து ஒவ்வொரு மடிப்பும் எங்கே புறப்படுகிறது என்று தெரிந்தது. அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. மடிப்புக்கு மடிப்பு வெளியே எந்தக் கோடு தெரிய வேண்டும், பச்சையா, மஞ்சளா? மச்சாள் பச்சை என்றார். நான் மஞ்சள் என்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கில்ட் வந்த அன்று இவர் அதைக் கட்டிக்கொண்டு என்னைப் படம் எடுக்கச் சொன்னார், அதுவும் பின்பக்கத்தை. ஊர் உலகத்தில் தன் பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்ன ஒரே புருஷன் என்று நான் மகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிச் சிரித்திருந்தேன். அந்தப் படம் போனில் இருந்தது. பெருப்பித்துப் பார்த்தோம். மஞ்சள்தான், ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு. இரண்டு பெண்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கணவரின் பின்புறத்தை இவ்வளவு பயபக்தியோடு பார்ப்போம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மச்சாள் மடிப்பை எடுத்துத் தர, நான் குண்டூசி குத்தினேன். குத்தியதை அவர் நூலோட்டிப் பிடித்தார், அயர்ன் பண்ணும்போது அசையாமல் இருக்க. பெட்டியில் இருந்தது சிவப்பு நூல் மட்டும். அதற்கு மேல் ஈரத் துணியைப் போட்டு நான் அயர்ன் வைத்தேன். ஈரக் கம்பளி மணம் வீடெல்லாம் பரவியது, ஆட்டுப்பட்டி தோற்றது. "அழுத்திப் பிடி, இழுக்காதை" என்று மச்சாள் சொல்லிக்கொண்டே இருந்தார். குறுக்கே விழுந்த கோடுகள் மெல்ல மறைந்தன. மடிப்பும் நின்றது. இடதுபக்கம் நாலாவது மடிப்பு மட்டும் எங்களுக்குக் கட்டுப்படவில்லை. மூன்று தரம் பிரித்துக் குத்தினோம். மஞ்சள் கோடு ஒரு நூல் அளவு வெளியே போய்த்தான் நின்றது.

"உதை ஆர் பாக்கப் போகினம்" என்றார் மச்சாள். ஆர் பார்ப்பார் என்பது இருவருக்கும் தெரியும்.

நூலை உருவி எடுத்தோம். தடித்த கொழுவியில் இடுப்புப் பட்டியைக் கிளிப் போட்டு மாட்டினேன். கூறைச்சேலையையும் மற்றப் பட்டுகளையும் திரும்பச் சூட்கேசுக்கு அனுப்பி, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டேன். இவர் வந்ததும் நேரே மேலே போய் அலுமாரியைத் திறந்தார். மச்சாளும் நானும் படிக்குக் கீழே நின்றோம்.

"அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். போனோம். "ஒழுங்காத் தொங்கவிட்டால் உடுப்பு எப்பிடி இருக்குது, பாத்தியளோ?"

"ஓம் தம்பி" என்றார் மச்சாள்.

மறுநாள் மூவரும் போனோம். வானம் மூடியிருந்தது, குளிர் முகத்தை அறுத்தது. ஊர்வலம் புறப்படும் பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் பாண்ட் வரிசையாக நின்றது. இவருடைய முழங்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. வான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றது. தலைவி ஒவ்வொருவராகப் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவருக்குப் பட்டியை இறுக்கச் சொன்னார், இன்னொருவருக்குக் காலுறையை. இவருக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்தார். மச்சாள் என் கையைப் பிடித்தார், அந்தக் கையுறைக்குள்ளாலும் நகம் பட்டது.

தலைவி நிமிர்ந்தபோது அவருடைய விரலில் ஒரு துண்டுச் சிவப்பு நூல் இருந்தது. உருவும்போது நாங்கள் தவறவிட்டது. அதை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து ஆங்கிலத்தில் உரத்துப் பேசினார். இந்தக் காலத்தில் மடிப்புக்கு நூலோட்டி அயர்ன் பண்ணுகிற ஒருவரைத் தான் காண்பதே அபூர்வம் என்றார். புதிதாக வந்தவருக்கு இருக்கிற அக்கறை பழைய ஆட்களுக்கு இல்லை என்றார். எல்லோரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள்.

என் கணவர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ஒன்றும் தெரியாது என்றா? தலையை இலேசாகச் சாய்த்து, "தாங்க் யூ, மேடம்" என்றார். நோபல் பரிசைக் கூட மனிதர் அப்படித்தான் வாங்குவார், இவ்வளவு தாமதமாகத் தந்தார்களே என்ற முகத்தோடு.

பாண்ட் புறப்பட்டது. தெரு முழுக்கச் சனம், பிள்ளைகள் கையைக் காட்டினார்கள், பைப் அலறியது. இவர் நன்றாக அடித்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நடைபாதையில் ஓரமாகக் கூடவே நடந்த நானும் மச்சாளும் பார்த்தது அந்த நாலாவது மடிப்பை மட்டும். ஒவ்வொரு அடிக்கும் மடிப்பெல்லாம் ஒன்றாக விரிந்து ஒன்றாக மூடின, அது மட்டும் கொஞ்சம் பிந்தி மூடியது. பாதி வழியில் ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டத் தொடங்கியது. இவர் தலையைக் குனியவில்லை. முதுகு நேராக இருந்தது. அந்த முதுகு நேராக இருந்து நான் கண்டு எத்தனை காலம். மச்சாள் மூக்கைச் சிந்திவிட்டுக் குளிர் என்றார்.

திரும்பி வரும் காரில் பாடம் தொடர்ந்தது. "அக்கா, உங்களுக்கு ஒண்டு தெரியுமோ? உந்த மடிப்புக்கு முதல் நூலோட்ட வேணும். அதுக்குப் பிறகுதான் அயர்ன். கனபேருக்கு உது தெரியாது."

"அப்பிடியோ தம்பி" என்றார் மச்சாள். கண்ணாடியில் என்னைப் பார்க்கவேயில்லை, பார்த்திருந்தால் நான் காரை எங்கேயாவது மோதியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் அலுமாரியைத் திறக்கப் போனேன். இவர் தடுத்தார். நனைந்த கில்ட்டை அப்படியே உள்ளே வைக்கக்கூடாதாம். மடிப்பு மணம் பிடித்துவிடுமாம், பூச்சி வருமாம். சூடு நேரே படாத இடத்தில், அகலமாக விரித்து, நன்றாக உலரவிட வேண்டுமாம். எங்கள் வீட்டில் அவ்வளவு அகலமான இடம் ஒன்றுதான் இருந்தது. பழைய காற்சட்டைக்கு மாறிக்கொண்டு வந்து, கில்ட்டைச் சோபாவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரித்தார். மடிப்பு மடிப்பாகக் கையால் நீவிவிட்டார். இடது மூலையின் குழி அதற்குக் கீழே போய் மறைந்தது.

"இதிலை ஒருத்தரும் இருக்கக்கூடாது" என்றார்.

"அப்ப நீ எங்கை இருக்கப்போறாய் தம்பி?" என்று மச்சாள் கேட்டார்.

"இருக்க எங்கை அக்கா நேரம்? செவ்வாய்க்கிழமைக்குப் புது மெட்டு ஒண்டு பழக வேணும்" என்று இவர் இரண்டு தடியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நின்றபடியே மேசையில் தட்டத் தொடங்கினார். நான் தேநீரை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோபாவைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவர் போட்ட சட்டங்களில், ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாமல் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.